தேயாத டயர்



"டீச்சர், மூணு வாரமா ஒண்ணும் எழுதலையே, உடம்பு எப்படி இருக்கு?" என்று நான்கைந்து பேர் போன் செய்து கேட்டுவிட்டீர்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. நடந்ததை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எழுதினால் மகள் கோபித்துக்கொள்வாள். சொந்தக்காரர்கள் "இந்த வயசுல இவங்களுக்கு எதுக்கு கார்" என்பார்கள். எழுதாவிட்டால், நான் செய்த அதே தப்பை உங்களில் யாராவது செய்யக்கூடும். அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் உட்கார்ந்த மாதிரி பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் வீட்டுக் காரை உங்களில் பலருக்குத் தெரியும். 2014-ல் சாரும் நானும் சேர்ந்து வாங்கியது. ஓட்டக் கற்றுக்கொண்டபோது எனக்கு வயது 55. டிரைவிங் ஸ்கூலில் கற்றது பாதி, சார் பக்கத்தில் உட்கார்ந்து திட்டித் திட்டிக் கற்றுக்கொடுத்தது பாதி. 2021-ல் சார் போன பிறகு கார் பெரும்பாலும் வீட்டு வாசலில் ஷெட்டில்தான் நின்றது. வங்கிக்கு, ஆஸ்பத்திரிக்கு, மாதம் ஒருமுறை சதுரங்கப்பட்டினத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்கு, அவ்வளவுதான். வருடத்துக்கு 2000 கிலோமீட்டர் ஓடினால் அதிகம்.

ஆனால் நான் வண்டியைக் கவனிக்காமல் விட்டேன் என்று நினைக்காதீர்கள். வாரம் ஒருமுறை துடைப்பேன். பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்று ஸ்டார்ட் செய்து வைப்பேன். வருடம் தவறாமல் சர்வீஸ், ஆயில் மாற்றம், இன்ஷூரன்ஸ் எல்லாம் உண்டு. போன வருடம் சர்வீசுக்கு விட்டபோதுகூட "டயர் மாத்திடலாமா மேடம்" என்று கேட்டார்கள். நான் குனிந்து பார்த்தேன். பட்டன் அப்படியே புதுசு மாதிரி இருந்தது. சும்மா பில் ஏற்றப் பார்க்கிறார்கள் என்று நினைத்து, "வேண்டாம்ப்பா, நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

உள்ளே இன்னொரு காரணமும் இருந்தது. அந்த நான்கு டயரும் சார் போட்டவை. 2016-ல் கடைக்காரரிடம் ஒரு மணி நேரம் பேரம் பேசி, பில்லைப் பத்திரமாக மடித்து டாஷ்போர்டில் வைத்துவிட்டு, "இனி பத்து வருஷத்துக்குக் கவலை இல்ல" என்று சிரித்தார். அவர் கைப்பட வாங்கியதை மாற்ற எனக்கு மனசு வரவில்லை. இதை வெளியே சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் உண்மை அதுதான்.

இனி மே மாதம் நடந்த கதை.

லீவுக்கு மகளும் பேரப்பிள்ளைகளும் வந்திருந்தார்கள். சம்பந்தி அம்மாவும் கூட வந்திருந்தார். மாமல்லபுரம் போகலாம், சாயங்காலம் அப்படியே அக்காவை சதுரங்கப்பட்டினத்தில் விட்டுவிட்டு வரலாம் என்று திட்டம். வண்டியில் நான், பக்கத்தில் அக்கா, பின்னால் மகள், சம்பந்தி, பேரன், பேத்தி. ஐந்து பேர் வண்டியில் ஆறு பேர். டிக்கியில் 20 லிட்டர் தண்ணீர் கேன், புளியோதரைத் தூக்கு, பாய், பிள்ளைகளின் மாற்றுத் துணி, அக்காவுக்கு அரை மூட்டை அரிசி. கத்திரி வெயில். காலை பதினொன்றரைக்குத்தான் கிளம்பினோம். நான் எட்டு மணிக்கே போகலாம் என்று சொல்லியிருந்தேன். யார் கேட்டார்கள்?

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சுமார் 30 கிலோமீட்டர். எனக்குப் பழகிய ரோடு. மலையடிவாரத்தில் நிறுத்தி கும்பிட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு இளநீர் குடித்துவிட்டுப் புறப்பட்டோம். வேகம் 60-க்குள்தான். பூஞ்சேரிக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் முன்னால் பின்பக்கம் "டமார்" என்று ஒரு சத்தம். ஏதோ வெடி வெடித்த மாதிரி. உடனே வண்டியின் பின்பகுதி இடமும் வலமும் ஆட ஆரம்பித்தது. எதிரே ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது.

அந்த நிமிடம் கால் தானாக பிரேக்குக்குப் போனது. அப்போது சார் சொன்னது காதில் கேட்டது. சாமி வந்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். நூறு தடவை கேட்ட பாடம் நினைவுக்கு வந்தது, அவ்வளவுதான். "டயர் வெடிச்சா பிரேக்கைத் தொடாதே. ஸ்டீயரிங்கை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடி. ஆக்சிலேட்டர்ல இருந்து மெதுவா காலை எடு. வண்டி தானா வேகம் குறையும், அப்புறம் ஓரம் கட்டு." காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். பஸ் ஹாரன் அடித்தபடி ஒரு கை அகலத்தில் கடந்து போனது. வண்டி தள்ளாடிக்கொண்டே இடது பக்கம் சவுக்குத் தோப்பு ஓரத்து மணலில் இறங்கி நின்றது.

யாருக்கும் அடி இல்லை. பேத்தி மட்டும் முன் சீட்டில் முட்டிக்கொண்டு அழுதாள். பின்னால் யாரும் பெல்ட் போடவில்லை. சின்னவள் மடியில்தான் இருந்தாள். வண்டி உருண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் ராத்திரியில் விழிப்பு வருகிறது. ஏன் பிரேக் போடக் கூடாது என்று கேட்பீர்கள். வெடித்த சக்கரத்துக்கு ரோட்டில் சரியான பிடிமானம் கிடையாது. பிரேக் போட்டதும் எடை எல்லாம் முன்பக்கம் போய்விடும். ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கிற பின்பக்கம் இன்னும் லேசாகிச் சுழன்றுவிடும். சைக்கிளில் முன் பிரேக்கை மட்டும் பிடித்து விழுந்தவர்கள் உங்களில் எத்தனை பேர்! எடை முன்னால் சாய்ந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

முதலில் பிள்ளைகளை இறக்கி, ரோட்டைவிட்டுத் தள்ளி மரநிழலில் உட்கார வைத்தோம். எச்சரிக்கை முக்கோணம் எங்கே என்று தேடினால், அரிசி மூட்டை, கேன், பாய் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது. அதை எடுப்பதற்குள் அக்கா ஒரு மரக்கிளையை ஒடித்து வண்டிக்குப் பின்னால் நட்டுவிட்டார். பழைய லாரிக்காரர் வழி. அன்றைக்கு அதுதான் உதவியது.

அடுத்தது ஸ்டெப்னி. இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தெரியுமா? ஆரம்ப காலக் கார்களில் மாற்றுச் சக்கரமே கிடையாது. 1900-களின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்குப் பக்கத்தில் வேல்ஸ் நாட்டில் லனெத்லி என்ற ஊரில், ஸ்டெப்னி தெருவில் இருந்த ஒரு கடை மாற்றுச் சக்கரம் செய்து விற்றது. அந்தத் தெருவின் பேர் சக்கரத்துக்கு ஒட்டிக்கொண்டது. அந்த ஊர்க்காரர்களே இன்று வேறு பேர் சொல்கிறார்கள். நாமோ நூறு வருடத்துக்கு மேலாக விடாமல் வைத்திருக்கிறோம். பேரை வைத்திருக்கிறோமே தவிர காற்றை வைத்திருக்கிறோமா? என் ஸ்டெப்னியை எடுத்து அமுக்கினால் கட்டைவிரல் உள்ளே போகிறது. 2014-ல் வண்டியோடு வந்தது. பதினோரு வருடத்தில் ஒருநாள்கூட நான் அதைத் தொட்டதில்லை.

அந்தப் பக்கமாக பைக்கில் போன ஒருவர் நிறுத்தி விசாரித்துவிட்டு, பூஞ்சேரியில் தெரிந்த டயர் கடைக்குப் போன் செய்தார். அரை மணி நேரத்தில் ஒரு குட்டி யானை வண்டியில் கம்ப்ரஸரோடு ஒரு தம்பி வந்து இறங்கினான். இருபத்தைந்து வயது இருக்கும். சினிமாவாக இருந்தால் அவன் என் பழைய மாணவனாக இருந்து, "டீச்சர்!" என்று காலில் விழுந்திருப்பான். அப்படி எதுவும் நடக்கவில்லை. அவன் வேறு ஊர்ப் பள்ளியில் பத்தாவது வரை படித்தவனாம். வந்ததும் என்னைத் திட்டத்தான் செய்தான்.

"யாரும்மா ஜாக்கிய இப்படி வெறும் மணல்ல வெச்சது? வண்டி ஏறினதும் ஜாக்கி உள்ள போயிடும், வண்டி உங்க மேல சாஞ்சிடும்" என்றான். நானும் மகளும்தான் வைத்திருந்தோம். ஒரு பலகையை எடுத்து மணலில் போட்டு அதன் மேல் ஜாக்கியை வைத்தான். அதற்கு முன்பே ஹேண்ட் பிரேக் இழுத்து, கியரில் போட்டு, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்தான். "தேருக்கு முட்டுக்கட்டை போடற மாதிரிம்மா. தேர் இழுக்கறவங்கள விட முட்டுக்கட்டை போடறவனுக்குத்தான் வேலை ஜாஸ்தி." திருக்கழுக்குன்றம் சித்திரைத் தேரை வருடா வருடம் பார்க்கிறவள் நான். இது எனக்குத் தோன்றவில்லையே என்று இருந்தது.

சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தினான். அப்புறம்தான் ஜாக்கி ஏற்றினான். ஸ்டெப்னியைப் போட்டு, நட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்று எதிரெதிராக முடுக்கினான். இறக்கிய பிறகு இன்னொரு முறை இறுக்கினான். "ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடினதும் மறுபடி ஒரு தடவை நட்டு டைட் பண்ணுங்க" என்றான். பிறகு மற்ற மூன்று டயர்களுக்கும் காற்று அளந்தான். டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் என் வண்டிக்கு 33 என்று இருக்கிறது. முழுச் சுமை ஏற்றினால் பின்னால் 36. அளந்து பார்த்தால் 24, 22, 21. வெயிலில் ஓடி வந்து சூடாகி இருக்கும்போதே இவ்வளவுதான் என்றால், காலையில் இன்னும் குறைவாகத்தான் இருந்திருக்கும். நம் பரீட்சையில் 35 எடுத்தால் பாஸ். என் டயர் மூன்றும் ஃபெயில்.

கடைசியாக வெடித்த டயரைத் திருப்பிக் காட்டினான். "பாருங்கம்மா. பட்டன் தேயவே இல்ல. ஆனா டயர் செத்து ரொம்ப நாளாச்சு." பக்கவாட்டில் மெல்லிய கோடு கோடாக வெடிப்பு. வறண்ட ஏரித் தரை மாதிரி. அதன் பக்கத்தில் ஒரு முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு எண்கள்: 3216. "இது அது பொறந்த நாள்ம்மா. 16-ஆம் வருஷம், 32-ஆவது வாரம்."

ஆகஸ்ட் 2016. சார் பேரம் பேசிய அதே வருடம்.

பிள்ளைகளே, இனி பாடம். எட்டாம் வகுப்பில் அழுத்தம் என்றால் என்ன என்று வருடா வருடம் உங்களுக்கு எழுதிப் போட்டவள் நான். விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம். ஒரு டயர் ரோட்டைத் தொடுகிற இடம் ஏறக்குறைய நம் உள்ளங்கை அளவுதான். நான்கு உள்ளங்கை மேல்தான் குடும்பமே உட்கார்ந்து போகிறது. காற்று குறைந்தால் டயர் சப்பையாகி, ஒவ்வொரு சுற்றுக்கும் அதன் பக்கச் சுவர் மடங்கி மடங்கி நிமிர்கிறது. ஒரு கம்பியை எடுத்து முன்னும் பின்னும் பத்து தடவை வளைத்துத் தொட்டுப் பாருங்கள், சுடும். இன்னும் வளைத்தால் ஒடியும். டயருக்குள்ளும் அதேதான் நடக்கிறது. அதற்கு மேல் ஆறு பேர் சுமை, அரை மூட்டை அரிசி, கத்திரி வெயிலில் கொதிக்கிற தார். எல்லாவற்றையும் தாங்க வேண்டிய ரப்பரோ ஒன்பது வயதை எட்டிக் காய்ந்து போனது. வெடிக்காமல் என்ன செய்யும்?

ஓடினால்தான் தேயும் என்று நாம் நினைக்கிறோம். ரப்பர் அப்படியில்லை. வெயிலும் காற்றும் பட்டு, நின்ற இடத்திலேயே இறுகி வெடிப்பு விடும். நிறைய ஓடுகிற டாக்ஸிக்காரர் டயர் இரண்டு மூன்று வருடத்தில் தேய்ந்துவிடும், மாற்றிவிடுவார். அவருக்கு இந்த ஆபத்து குறைவு. ஆபத்து அதிகம் நமக்குத்தான். ரிட்டையர் ஆனவர்கள், வெளிநாட்டுப் பிள்ளைகள் வாங்கி நிறுத்திவிட்டுப் போன காரை வைத்திருக்கும் பெற்றோர்கள், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் கார் எடுக்கிறவர்கள். நம் டயர் தேயாது, ஆனால் வயதாகும். பட்டனைப் பார்த்து ஏமாந்துவிடுவோம்.

எத்தனை வருடம் வைத்திருக்கலாம்? ஐந்து வருடம் ஆனதும் வருடம் ஒருமுறை விவரம் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும், பத்து வருடம் ஆனால் எப்படி இருந்தாலும் தூக்கிப் போட வேண்டும் என்று டயர் செய்கிறவர்களே சொல்கிறார்கள். சில கார் கம்பெனிகள் ஆறு வருடம் என்கின்றன. நம் ஊர் வெயிலுக்கு நான் ஆறைத்தான் எடுத்துக்கொள்வேன். பட்டனுக்கும் ஒரு அளவு உண்டு. டயரின் பள்ளங்களுக்குள் அங்கங்கே சின்ன மேடு இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால், மிச்சம் 1.6 மில்லிமீட்டர்தான். அதோடு மழையில் போனால் சக்கரம் தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டு போகும், பிரேக் பிடிக்காது.

வண்டி இன்னும் மணலில்தான் நின்றது. முன் சக்கரம் புதைந்துவிட்டது. ஆக்சிலேட்டர் கொடுத்தால் இன்னும் உள்ளே போகிறது. கூடியிருந்த ஒருவர் குட்டி யானையிலிருந்து நைலான் கயிற்றை எடுத்து என் காரின் பம்பரில் கட்டப் போனார். தம்பி ஓடிப்போய்த் தடுத்தான். "பம்பர் பிளாஸ்டிக்குண்ணா, கையோட வந்துடும்." டிக்கிக்குள் ஜாக்கி பையில் தேடி ஒரு வளையக் கொக்கியை எடுத்தான். பம்பரில் சின்னதாக ஒரு சதுர மூடி இருக்கிறது. அதைத் திறந்தால் ஒரு ஓட்டை. அதில் இந்தக் கொக்கியைத் திருகி, இழுக்கும் கயிற்றை அதில்தான் கட்ட வேண்டுமாம். பதினோரு வருடமாக அந்த மூடி எதற்கு என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?

முன் சக்கரத்தைச் சுற்றி மணலைக் கையால் தள்ளி, சவுக்கு மிளாறை அடியில் திணித்தான். கயிற்றின் நடுவில் ஒரு சாக்கை நனைத்துப் போட்டான். வேடிக்கை பார்த்த எல்லோரையும் கயிற்றின் நீளத்தைவிடத் தூரமாகப் போகச் சொன்னான். நைலான் கயிறு இழுபட்டு அறுந்தால் சாட்டை மாதிரி திரும்பி அடிக்கும். கொக்கியோடு பிய்த்துக்கொண்டு வந்தால் உயிரே போகும். சாக்கு போட்டால் அந்த வீச்சு கொஞ்சம் அடங்கும். பிறகு வெடுக்கென்று இழுக்காமல், கயிறு விறைக்கும் வரை மெதுவாகப் போய் அப்புறம் இழுத்தார்கள். ஒரே இழுப்பில் வண்டி ரோட்டுக்கு வந்துவிட்டது.

கயிறு கட்டி இழுப்பதைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். காரின் கதவு வரை ஏறிவிட்டது. வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்க்கப் போனேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை சாவியைப் பிடுங்கிக்கொண்டான். எஞ்சினுக்குள் தண்ணீர் இருந்து ஸ்டார்ட் செய்தால், தண்ணீர் காற்று மாதிரி அமுங்காது, உள்ளே இருக்கும் கம்பியே வளைந்துவிடும். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். அதுவரை சரி. அதன் பிறகு செய்ததுதான் தப்பு. அக்கா மகன் தன் வண்டியில் கயிறு கட்டி, என் காரை ஒர்க்‌ஷாப்புக்கு ஜி.எஸ்.டி. ரோடு வழியாக இழுத்தான். என் காரில் ஸ்டீயரிங் பிடித்து உட்கார்ந்தது நான்.

எஞ்சின் ஓடாதபோது பிரேக் எப்படி இருக்கும் தெரியுமா? இரண்டு மூன்று தடவை அமுக்கும் வரை மெத்தென்று இருக்கும். அதற்கப்புறம் கருங்கல். நம் காலுக்கு உதவி செய்கிற சக்தி எஞ்சினிலிருந்துதான் வருகிறது. ஸ்டீயரிங்கும் அப்படியே இறுகிவிடும். சாவியை முழுக்க ஆஃப் செய்து எடுத்துவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும், திருப்பவே முடியாது. சிக்னலில் அவன் நின்றான், என்னால் நிற்க முடியவில்லை. இரண்டு காலாலும் ஏறி மிதித்து, ஒரு சாண் இடைவெளியில் நின்றேன்.

1989-ல் வந்த சாலை விதிகளிலேயே இதற்கெல்லாம் கணக்கு இருந்தது. கட்டி இழுக்கும் வண்டி 24 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. இரண்டு வண்டிக்கும் நடுவே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. பின் வண்டியில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார வேண்டும். கயிறு மற்றவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இழுத்துப் போகிறோம் என்று பின்னால் எழுதி வைக்க வேண்டும். இதில் லைசென்ஸ் தவிர ஒன்றும் எங்களிடம் இல்லை. என் அனுபவத்தில் சொல்கிறேன்: மணலிலிருந்து ரோட்டுக்கு ஏற்றக் கயிறு போதும். ஊர் விட்டு ஊர் போக, வண்டியை முழுசாகத் தூக்கி ஏற்றிக்கொண்டு போகும் ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் வண்டி, பேட்டரி கார் வைத்திருப்பவர்கள் சக்கரம் தரையில் உருள இழுக்கவே விடாதீர்கள், உள்ளே கெட்டுப்போகும். உங்கள் இன்ஷூரன்ஸ் பாலிசியிலேயே ரோட்டோர உதவி சேர்ந்திருக்கலாம். அந்த போன் நம்பரை இன்றைக்கே எடுத்து வையுங்கள். ஜி.எஸ்.டி. ரோடு போன்ற தேசிய நெடுஞ்சாலையில் 1033 அழைத்தால் உதவி கிடைக்கும். யாருக்காவது அடிபட்டால் யோசிக்காமல் 108. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் நம் மாவட்டத்து மேல்மருவத்தூரில்தான் தொடங்கப்பட்டது. "செலவுக்கு யார் பொறுப்பு" என்று பயந்து யாரும் நிற்க வேண்டாம்.

அன்றைக்கு அதே ஸ்டெப்னியில் மெதுவாகப் பூஞ்சேரி கடை வரை போனோம். நான்கு டயரும் ஸ்டெப்னியும், ஐந்தும் புதுசு போட்டேன். "நாலு எண்ணைப் பார்த்து வாங்குங்கம்மா. புது டயர்னு ரெண்டு வருஷம் குடோன்ல கிடந்ததையும் தருவாங்க" என்று தம்பியே காட்டினான். செலவு? பென்ஷன் காசுக்குப் பெரிய தொகைதான். பேத்தியின் நெற்றி வீக்கத்தைப் பார்த்த பிறகு பேரம் பேச வாய் வரவில்லை.

பழைய டயர்களை என்ன செய்ய என்று கேட்டான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்புறம், "நீயே வெச்சுக்கப்பா" என்றேன். சார் எனக்கு விட்டுப்போனது அந்த ரப்பர் இல்லை. "பிரேக்கைத் தொடாதே" என்ற அந்தச் சொல்தான். அதுதான் ஆறு உயிரையும் காப்பாற்றியது. அவர் டயரைக் கட்டிக் காத்ததில் நான் அவர் பேரப்பிள்ளைகளையே பலி கொடுக்க இருந்தேன். சார் இருந்திருந்தால் மூன்று வருடம் முன்பே மாற்றியிருப்பார்.

நான்கு மணிக்கு மேல் வெயில் தாழ்ந்ததும் ஐந்து ரதத்துக்குப் போனோம். பேரன் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பாட்டி, ரதம்னு சொல்றீங்க, டயர் எங்கே?" என்று கேட்டான். அக்கா சிரித்த சிரிப்பில் அங்கிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "டயர் இல்லாததாலதான்டா 1300 வருஷமா பத்திரமா நிக்குது" என்றார்.

கடலோரத்தில் இருக்கும் சொந்தங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் பக்கம் உப்புக் காற்று. அக்கா வீட்டு வண்டியின் அடிப்பாகத்தைக் குனிந்து பார்த்தபோது துரு செதில் செதிலாக உதிர்ந்தது. கடற்கரைக்குப் போய் வந்தால் மேலே மட்டும் துடைக்காதீர்கள். நல்ல தண்ணீரை சக்கரத்துக்குள்ளும் அடியிலும் பீய்ச்சிக் கழுவுங்கள். சர்வீசுக்கு விடும்போது பிரேக் குழாயில் துரு இருக்கிறதா என்று கேளுங்கள். கடல் மணலுக்குள் காரை இறக்காதீர்கள்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு புது வழக்கம். பள்ளியில் மிஞ்சிய பழைய வருகைப் பதிவேடு ஒன்று என்னிடம் இருந்தது. அதில் ஐந்து மாணவர்கள்: முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது, ஐந்தாவது டிக்கியில் படுத்துத் தூங்கும் கடைசி பெஞ்ச். பதினைந்து நாளுக்கு ஒரு ஞாயிறு, காலையில் வண்டி எடுப்பதற்கு முன் காற்று அளந்து எழுதுகிறேன். ஓடிய டயரில் சூட்டால் காற்று அதிகமாகக் காட்டும், அதனால் குளிர்ந்த டயரில்தான் அளக்க வேண்டும். பஞ்சர் இல்லாத நல்ல டயரிலேயே மாதத்துக்கு ஒன்றிரண்டு புள்ளி தானாகக் குறையும். அளக்கும் கருவி சில நூறு ரூபாய்தான். நைட்ரஜன் காற்றுதான் அடிக்க வேண்டுமா என்று சிலர் கேட்பீர்கள். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், ஏழாம் வகுப்பில் படித்தோம். எதை அடித்தாலும் சரி, அளந்து பாருங்கள். அளவு உங்கள் வண்டியின் கதவோரச் சீட்டில் உள்ளபடி இருக்க வேண்டும், என் 33-ஐப் பார்த்து எழுதக் கூடாது. காப்பி அடிப்பது எனக்குப் பிடிக்காது என்று உங்களுக்குத் தெரியும்!

பின்சீட்டில் எல்லோருக்கும் பெல்ட். ஐந்து பேர் வண்டியில் ஐந்து பேர். ஆறாவது ஆள் இருந்தால் பஸ் இருக்கிறது. முக்கோணமும் டார்ச்சும் டிக்கியில் எல்லாவற்றுக்கும் மேலே.

கடைசியாக வீட்டுப்பாடம். லைக் போடுவது, பூ அனுப்புவது, "சூப்பர் டீச்சர்" எழுதுவது எதுவும் வேண்டாம். எழுந்து கீழே போங்கள். உங்கள் கார் டயரின் பக்கவாட்டில் அந்த நான்கு எண்களைத் தேடுங்கள். வெளிப்பக்கம் தெரியாவிட்டால் உள்பக்கம் இருக்கும், டார்ச் அடித்துப் பாருங்கள். ஐந்து டயருக்கும் பார்த்துக் கீழே எழுதுங்கள். ஸ்டெப்னியை விட்டுவிட்டு நான்கு மட்டும் எழுதுகிறவர்களுக்குப் பாதி மார்க்தான். ஊரில் இருக்கும் அப்பா அம்மா வண்டிக்கும் போன் செய்து கேளுங்கள். மறைமலை நகரிலும் ஒரகடத்திலும் கார் கம்பெனி, டயர் கம்பெனி வேலை பார்த்த பிள்ளைகள் உங்களில் நிறைய பேர். நான் எழுதியதில் தப்பு இருந்தால் நீங்கள் திருத்துங்கள். இந்தப் பாடத்தில் நான் இன்னும் மாணவிதான்.

பூஞ்சேரித் தம்பி இதைப் படிக்க மாட்டான். அவனுக்கு அன்றைக்கே நன்றி சொல்லிவிட்டேன். கிளம்பும்போது, "ஏம்மா, நீங்க டீச்சரா? திட்டினப்ப ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலையே!" என்று ஆச்சரியப்பட்டான். முப்பத்தைந்து வருடம் நான் திட்டியதை எல்லாம் நீங்கள் பேசாமல் கேட்டீர்களே, அதே மரியாதைதான் என்று சொன்னேன்.

எல்லோரும் பத்திரமாகப் போய்ப் பத்திரமாக வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
செங்கல்பட்டு